ரோஸிக்கு ஒரு பலகை

பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் மாடிப் போர்ஷனுக்கு நான் குடிவந்த புதிதில், கீழ்வீட்டோடு எனக்கு மூண்ட முதல் சண்டை தூசியால் வந்தது. நான் தையல்காரி. கல்யாண ரவிக்கைகளைத் தைத்து முடித்து ஜன்னலோரம் ஹேங்கரில் மாட்டி வைப்பேன். கீழே தகரக் கொட்டகையில் ஜெரோம் அண்ணன் மெஷின் வைத்து எதையோ இழைப்பார். வெள்ளைத் தூள் கிளம்பி மேலே வந்து, அரக்குப் பட்டின் மேல் கோலமாவு கொட்டின மாதிரி படியும். எத்தனை நாள்தான் பொறுப்பது? ஒருநாள் ரவிக்கையை ஹேங்கரோடு தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"என்னண்ணா இது? நாளைக்கு முகூர்த்தம். பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ஜெரோம் அண்ணன் வாயில் கட்டியிருந்த துணியை இறக்கினார். புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளை. "தெரியாம பூட்ச்சும்மா. காத்து டக்குனு இந்தாண்ட திரும்பிக்கிச்சு."

"காத்து மேல பழியப் போடு," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அதுதான் வந்து இல்லன்னு சொல்லாது."

ரோஸி அக்கா எனக்கு அப்படித்தான் அறிமுகமானாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, என் கையிலிருந்த ரவிக்கையை வாங்கி, ஒரு புது பெயிண்ட் பிரஷ்ஷால் தூளை ஒவ்வொரு மடிப்பாக நீவி எடுத்தாள். ஒரு துகள் மிச்சமில்லை. போகும்போது கிண்ணத்தில் வஞ்சிரக் குழம்பும் கொடுத்தனுப்பினாள். அந்தக் குழம்புக்குப் பிறகு நான் எங்கே சண்டை போட?

கொட்டகையில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. அலைமேல் ஏறி நின்று வருவார்களே, அந்தப் பலகை. தாம்பரம் பக்கம் அலை என்றால் அது பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் அடிக்கிற கூட்டம்தான். கடல் இருப்பது கோவளத்தில். அங்கே வாடகை கட்டுப்படியாகாது, தவிர இது ஜெரோம் அண்ணன் பிறந்து வளர்ந்த தெரு. பகலெல்லாம் தண்ணித் தொட்டி, பாத்ரூம் கதவு என்று ஃபைபர் வேலை. பலகை வேலை ஆசைக்கு. அதிலும் பாதி, உடைந்து வருவதை ஒட்டுவது. பலகைகளுக்கு உறை தைக்கிற வேலை தானாகவே என்னிடம் வந்து சேர்ந்தது.

புதுப் பலகை கேட்டு வருகிறவர்களை அவர் முதலில் தராசில் ஏற்றுவார். வீட்டுக்கார லோகநாதன் குடும்பத்துக்கு இந்தத் தெருவே ஒரு காலத்தில் வயல். நெல்மூட்டை நிறுத்த இரும்புத் தராசு ஒன்று கொட்டகை வாசலில் இன்னும் நிற்கிறது. சோழிங்கநல்லூரிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் வருவார்கள். எடையை வாயால் சொன்னால் அண்ணன் ஏற்க மாட்டார்.

"ஏறு தம்பி. நீ சொல்றது உங்கம்மாவுக்கு. எனக்கு இது சொல்றதுதான்."

"கொஞ்சம் ஸ்டைலா, சின்னதா போடுங்கண்ணா."

"உன் வெயிட்டு இன்னா, எந்த மாசம் எறங்கப் போற, எந்த அலைல போவப் போற, அத்த மொதல்ல பேசலாம். ஸ்டைலு கடைசியா. ஆனி ஆடில கோவளத்துல அலை நீட்டா, அடக்கமா வரும். அதுக்கு அகலமா, தடியா, நீளமா இருந்தாதான் மெதக்கும், சின்ன அலையக்கூட புடிச்சிக்கும். ஐப்பசி கார்த்திகைல கடலு மொறச்சிகினு செங்குத்தா நிக்கும். நீட்டுப் பலகைய எடுத்துகினு அதுல போனா மூக்கு தண்ணில குத்திக்கும், நீ மண்ணுல குத்திக்குவ. அதுக்கு மூக்க மேல தூக்கி, ஒடம்ப ஒல்லியாக்கி, வால ஒடுக்கணும். ஒரே பலகை எல்லா அலைக்கும்னு எவனாச்சும் வித்தா வாங்காத."

எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. நூல் புடவை ரவிக்கைக்குப் போடுகிற வெட்டைக் காஞ்சிப் பட்டுக்குப் போட முடியுமா?

பலகையின் உடம்பு வெள்ளை ஃபோம். இழைத்து முடித்த அதன் நடுவில் மெல்லிய மரச்சட்டம் ஒன்று ஓடும். அதன்மேல் பென்சிலால் பெயர், எடை, அலை, மூன்றையும் எழுதுவார். மேலே ஃபைபர் துணி போட்டு ரெசின் என்கிற பசையை ஊற்றினால், காய்ந்து கண்ணாடி ஆகிவிடும். எழுத்து உள்ளே அப்படியே நிற்கும். பிறகு அழிக்க முடியாது.

ரோஸி அக்கா கோவளத்துக்காரி. மீன்பிடிக் குடும்பம். மீன் ஆயும்போது, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹெம்மிங் பண்ணும்போது, அந்தக் கதைகளைச் சொல்வாள். சுனாமிக்கு முந்தின வருஷம் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது ஒரு பெரிய பலகையை அவள் அண்ணன் ஆபேலிடம் விட்டுவிட்டுப் போனாராம்.

"பலகையா அது? கட்டிலு. நானும் எங்கண்ணனும் ரெண்டு பேரும் ஒண்ணாப் படுத்துகினு போவோம். முன்னாடி நானு, பின்னாடி அவன். அலை வந்துச்சுனா எங்கண்ணன், 'எழுந்திரு ரோஸி'ம்பான். எழுந்துக்குவேன். நான் அவன் சட்டையும் கால்சட்டையும்தான் போட்டுகினு போறது. கோயில்ல ஒரு ஞாயித்துக்கெழமை பாக்கியில்ல, எல்லாப் பொம்பளையும் எங்கம்மாவப் புடிச்சிகினு திட்டுவாங்க. எங்கம்மா எங்களத் திட்டும். நாங்க திரும்பக் கடலுக்குப் பூடுவோம்."

சுனாமியில் வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. பலகை மட்டும் சவுக்குத் தோப்பில் ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டு நின்றது, மூக்கு உடைந்து. அந்தச் சமயம் ஊர் ஊருக்கு ஃபைபர் படகு வந்து இறங்கியது. அதைப் பழுதுபார்க்கத் தாம்பரத்திலிருந்து ஒரு ஒல்லிப் பையன் போயிருந்தான். மூக்கை ஒட்டித் தரச் சொல்லி ரோஸி போய் நின்றாள்.

"ஒரு மூக்கு ஒட்டறதுக்கு மாசக்கணக்கா இழுத்தான் கீதா. நாளைக்கு வா, நாளைக்கு வான்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது."

"ரெசின் காயல," என்பார் ஜெரோம் அண்ணன் கொட்டகையிலிருந்து.

"சித்திர மாசத்துல ரெசின் காயலயாம்!"

அவள் அலைமேல் வருவதைக் கரையில் உட்கார்ந்து பார்ப்பாராம். அவருக்கு இன்றைக்கும் நீச்சல் தெரியாது. கல்யாணமாகி அவள் ஏரிக்கரைக்கு வந்தாள். பிள்ளை பிறந்தது; இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறான். அந்தப் பலகை ஒரு கார்த்திகை மாதம் ஆபேலின் காலடியிலேயே இரண்டாக உடைந்துபோயிற்று. ரோஸி அக்கா கடலுக்குப் போவது குறைந்து, பிறகு நின்றேவிட்டது. கோவளம் போனால் அம்மா வீடு, கோயில், மீன் வாங்கிக்கொண்டு பஸ். அவ்வளவுதான்.

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது ரோஸி அக்கா அளவுக்கென்று எப்போதும் ஒரே பழைய நீல ரவிக்கையைத்தான் கொடுப்பாள். "இதே அளவு வையி கீதா." நான் வாங்கிக்கொண்டு, அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, என் கண்ணளவில் வெட்டுவேன். தைத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பாத்தியா, அதே அளவுதான் நானு," என்பாள். ஆமாக்கா என்பேன். இதெல்லாம் எங்கள் தொழிலில் சகஜம்.

போன வருஷம் ஆபேல் நெஞ்சுவலியில் போய்விட்டான். வலையை உதறிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தானாம், எழுந்திருக்கவில்லை. ரோஸி அக்கா வெகுநாள் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டாள். தெருவில் மீன்கூடை வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

இந்த ஆவணியில் வருஷப் பூசை. ஆபேலிடம் பலகை பழகிய ஜெஃப்ரி இப்போது கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறான். உடைந்த பலகை ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுச் சொன்னான்:

"பூசை முடிஞ்சதும் பசங்க எல்லாரும் பலகைல போய் வட்டம் கட்டப் போறோங்கா. அலை உடையிற எடத்தத் தாண்டி, கையக் கோத்துகினு, நடுவுல பூவப் போட்டு அண்ணன நெனச்சிகினு வருவோம். நீ எங்க சித்தப்பா படகுல வந்துடு."

"நான் ஏன்டா படகுல வரணும்?"

"இல்லக்கா, உனுக்கு..."

"அவன்கூட மொதமொதல்ல அலைல போனது யாரு? நீயா? உங்க ஸ்கூலா? படகுல குந்திகினு வேடிக்க பாக்குறதுக்கு நான் இன்னா டூரிஸ்டா? நான் பலகைல வரேன். பூவ நான்தான் போடுவேன்."

ஜெஃப்ரி ஜெரோம் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் ரோஸி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் கழித்து அவள் முகத்தில் அந்த வேகம் வந்திருந்தது.

மறுநாளிலிருந்து கொட்டகைக் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே அண்ணன் பழைய பாட்டு ஒன்றை முனகியபடி இழைப்பது கேட்கும். தண்ணித் தொட்டிக்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். தூள் பறந்தது, நான் ஜன்னலை மூடிக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

பலகை வெளியே வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. மூக்கு லேசாகத் தூக்கி, வால் ஒடுங்கி, ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடலாம். ரோஸி அக்கா ஓரத்தை விரலால் வருடிக்கொண்டே போனாள்.

"எனக்காய்யா?"

"வேற யாருக்கு?"

நடுச்சட்டத்தில் ரோஸி என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கோவளம் என்று இருந்தது. எடை எழுதியிருக்கவில்லை. ஊரில் இருக்கிறவனையெல்லாம் தராசில் ஏற்றிய மனுஷன் பெண்டாட்டியை ஏற்றவில்லை. அவள் அளவு தனக்கு மனப்பாடம் என்று நினைத்துவிட்டார்.

ஏரியிலேயே போட்டுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். நடைபாதையில் கை வீசிக்கொண்டு வந்த லோகநாதன், "இன்னா ஜெரோமு, ஏரில கப்பல் வுடுறியா?" என்று நின்றார். ஆகாயத்தாமரை இல்லாத மூலையாகப் பார்த்து ரோஸி அக்கா இறங்கினாள். பலகையைத் தண்ணீரில் வைத்து மேலே படுத்தாள்.

பலகை காணாமல் போயிற்று. அவள் மார்பு வரை தண்ணீர் ஏறியது. கையைத் துடுப்பாக வலித்தாள், மூக்கு உள்ளே போய், பலகை புரண்டு, அவளும் புரண்டாள். எழுந்தபோது தலையில் ஒரு பாசிக்கொத்து. லோகநாதன் சிரித்தார். ரோஸி அக்காவும் சிரித்தாள். இன்னொரு தடவை படுத்தாள். அதே கதை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அவள் கரையேறி, சொட்டச் சொட்ட ஜெரோம் அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"யாருக்கு செஞ்ச இத?"

"உனக்குத்தான் ரோஸி."

"நானா இது? யோவ், என்னப் பாத்து சொல்லு. இது கோவளத்துல நீ குந்திகினு பாத்தியே, அந்தப் பொண்ணு. அவளுக்கு செஞ்சிக்கீற. அவ பூட்டா. அப்ப உன் வூட்ல இத்தினி வருஷமா கீறனே, நான் யாரு? என்ன நீ பாக்கவே இல்லியா?"

அவள் எங்கள் யாருக்கும் காத்திராமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். பலகை கரையோரம் குப்புறக் கிடந்தது. லோகநாதன் மட்டும் மெதுவாக, "நல்லாத்தான கீது பாக்க," என்றார்.

அன்று மத்தியானம் ஜெரோம் அண்ணன் மாடிக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றார்.

"கீதாம்மா, ரோஸியோட அளவு இன்னா?"

"அத நான் சொல்ல மாட்டேண்ணா."

"நான் அவ புருஷம்மா."

"யாரா இருந்தாலும் சரி. ஒரு பொம்பளையோட அளவ இன்னொருத்தர்கிட்ட சொல்ற பழக்கம் எங்க தொழில்ல கிடையாது. அவங்ககிட்டயே கேளுங்க."

"எப்பிடிக் கேப்பேன்? கண்ணு கலங்கிட்டா." அவருடைய கண்ணும் அப்படித்தான் இருந்தது. "அவ குண்டாகிட்டான்னு எனக்குத் தோணவே இல்லம்மா. சத்தியமா. கண்ண மூடுனா எனக்கு அதான் தெரியிது. கண்ணத் தொறந்தாலும் அதான் தெரியிது."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, கூடவே ஐயோ பாவமாகவும் இருந்தது. எந்தப் பெண்ணுக்கும் கேட்கப் பிடிக்கிற வார்த்தைதான். ஆனால் அதன்மேல் ஏறிப் படுத்தால் முங்கிப்போகிறதே.

"நாங்க தைக்கும்போது உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைப்போம்ணா. உடம்பு வச்சா பிரிச்சு விட்டுக்கலாம். நீங்க அப்படி ஒண்ணும் விடலையா?"

"ஃபோம்ல அதுக்கு ஏதும்மா வழி? சீவுனது சீவுனதுதான்."

கீழ்வீட்டில் அடுப்பு எரிந்தது, பேச்சில்லை. சாம்பார், ரசம், அப்பளம். ரெண்டு பேரும் ரெண்டு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாயங்காலமானால் மழை பிடித்துக்கொண்டது. பூசைக்கு நாலைந்து நாள்தான் இருந்தது.

ஒரு காலையில் ரோஸி அக்காவே கொட்டகை வாசலுக்கு வந்து தராசின்மேல் ஏறி நின்றாள். நான் மாடிப்படியில், லோகநாதன் கேட் பக்கம், கையில் பேப்பரோடு.

"யோவ், வந்து பாரு."

ஜெரோம் அண்ணன் வந்தவர் ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மூஞ்சத் திருப்பாத. ஊருக்கெல்லாம் பாத்தியே, எனக்கும் பாரு."

லோகநாதன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அண்ணன் குனிந்து தராசின் குண்டைத் தள்ளினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். கம்பி சமமாக நின்றது. ரோஸி அக்காவும் குனிந்து பார்த்தாள். ரெண்டு பேரும் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப செய்யி," என்றாள்.

"எங்கேந்து? ஃபோம் சீவிடுவேன். இந்த மழைல ரெசின் காயாது ரோஸி."

அவள் அவரை முறைத்தாள். பிறகு அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள். "இந்தவாட்டி நெசமாவா?"

"நெசமாதான். தொட்டா ஒட்டுது." அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஜெஃப்ரி ஸ்கூல்ல நீலப் பலகை ஒண்ணு கீது. மேல மெத்து மெத்துனு இருக்குமே. நல்ல நீட்டு, நல்ல தடி. உன்னத் தாங்கும். அத எடுத்துகினு..."

"அது பழகுற பிள்ளைங்களுதுய்யா. தண்ணியையே பாக்காத டவுனு பிள்ளைங்களுக்கு குடுக்குறது. அத்தினி பசங்க முன்னாடி நான் அதுல போவணுமா? எங்கண்ணன் மானம்தான் போவும். பூசைக்கு வரேன். கடலுக்கு வரல, வுடு."

தராசிலிருந்து இறங்கி உள்ளே போய்விட்டாள். நான் அவளுக்காகக் கடலில் போட முழுக்கைச் சட்டை ஒன்று வெட்டி வைத்திருந்தேன், இழுத்தால் நீள்கிற கறுப்புத் துணியில். அதை அப்படியே வைத்துவிடலாமா என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை. தைத்து முடித்தேன். இந்தத் தடவை அளவு ரவிக்கை அவளும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பூசையன்று விடியலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி பேசி, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய்க் கோவளத்தில் இறங்கினோம். ஜெரோம் அண்ணன் அந்த வெள்ளைப் பலகையையும் உறை போட்டு ஏற்றியிருந்தார். ஏன் என்று ரோஸி அக்கா கேட்கவில்லை. கோயிலில் பூசை. சாமியார் ஆபேலின் பெயரைச் சொன்னபோது அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலித்தது, நான் இழுத்துக்கொள்ளவில்லை.

கடற்கரைக்கு வந்தோம். தெற்கத்தி அலை, வழக்கத்துக்குக் கொஞ்சம் பெரிதாக, வரிசையாக வந்துகொண்டிருந்தது. பையன்களும் பெண்களும் பலகைகளோடு நின்றார்கள். சாமந்தியும் அரளியும் நிறைந்த ஒரு கூடையை ஜெஃப்ரி ரோஸி அக்கா கையில் கொடுத்தான். அவள் கடலையும் பார்க்காமல், யாரையும் பார்க்காமல் நடந்து போய், உட்கார வேறொன்றும் இல்லாததால், மணலில் கிடந்த நீலப் பலகைமேல் உட்கார்ந்தாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கை தானாகப் பலகையின் ஓரத்துக்குப் போயிற்று. கட்டை விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் அதன் தடிமனைப் பிடித்துப் பார்த்தாள். தட்டினாள். எழுந்து, அதன் நீளத்துக்குக் கால் வைத்து நடந்து பார்த்தாள். பிறகு, அத்தனை பேர் முன்னாலும் பூசைக்குக் கட்டிய புடவையோடு அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"அக்கா?"

"கீதா, அந்தக் கட்டிலும் இம்மாம் நீட்டுதான்டி. இம்மாம் தடி. இங்கதான் நான் படுப்பேன். இங்க எங்கண்ணன் மூஞ்சி இருக்கும், என் கால்கிட்ட. என் கால் அவன் மூஞ்சில ஒதச்சிகினே இருக்கும், திட்டிகினே வருவான்." கன்னத்தைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. "பழகுறவங்க பலகைன்னு அப்ப யாரு சொன்னா? கோவளத்துல இருந்ததே அது ஒண்ணுதான்."

கொஞ்ச நேரம் அழுதாள். யாரும் கிட்டே போகவில்லை. பிறகு எழுந்து, "சட்டை எடுத்தாந்தியா?" என்று என்னைக் கேட்டாள்.

சட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. அவளும் அதைக் கவனித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

முதல் தடவை நேராகப் போனாள். பூக்கூடையைப் பலகையின் முன்னால் வைத்து, மார்பால் அழுத்திக்கொண்டு கையை வலித்தாள். நீலப் பலகை அவளைப் பூப்போலத் தாங்கிக்கொண்டு போனது. ஆனால் நீளமான பலகை. எதிரே வருகிற அலைக்குக் கீழே அதை அமுக்கி நுழைய முடியாது. ஒரு வெள்ளை நுரைச் சுவர் வந்து தூக்கியடித்தது. பலகை ஒரு பக்கம், ரோஸி அக்கா ஒரு பக்கம். பூவெல்லாம் நுரையில் சிதறி எங்கள் காலடிக்கே வந்து சேர்ந்தது.

ஜெரோம் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் ஓடினார். நீச்சல் தெரியாத மனுஷன். "போதும் ரோஸி, வந்துடு! படகு வந்துடும், வா!"

அவள் இருமிக்கொண்டே எழுந்து நின்றாள். முடியை ஒதுக்கிவிட்டு அலையைப் பார்த்தாள். இடமும் வலமும் பார்த்தாள்.

"மறந்தே பூட்டேன்யா. பாறை ஓரமா இழுவை ஒண்ணு கீது. அதுல பூந்தா அதுவே இட்டுகினு பூடும். எங்கண்ணன் எப்பவும் அப்பிடித்தான் போவான்." அப்புறம்தான் கூடை காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். "பூ?"

எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தலையிலிருந்த மல்லிச் சரத்தைப் பிடுங்கிக் கொடுத்தேன். அதை அவள் சட்டைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டாள்.

பாறைப் பக்கம் அலை உடையவில்லை. தண்ணீர் கறுத்து, கடல்பக்கமாக ஓடியது. நாங்கள் பார்க்கப் பார்க்க நீலப் பலகை தூரமாகப் போயிற்று. நடுவில் ஒரு அலை அவளை மேலே தூக்கி, மறைத்து, மறுபடி காட்டியது. ஜெரோம் அண்ணன் தண்ணீரைவிட்டு வெளியே வரவேயில்லை. கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார், அவளோடு சேர்ந்து தானும் வலிப்பதுபோல.

"போய்ட்டா," என்றார். "கீதாம்மா, போய்ட்டா பாரு."

தூரத்தில் பலகைகள் வட்டமாகச் சேர்ந்தன. நீலப் புள்ளி வந்ததும் வட்டம் விரிந்து இடம் விட்டது. கை கோத்தார்கள். சத்தம் கரைக்கு வரவில்லை. ஒரு கை உயர்ந்து தாழ்ந்தது. அது என் மல்லிகை. பிறகு எல்லோரும் தண்ணீரை வாரி வாரி மேலே இறைத்தார்கள், வெயிலில் பளபளத்தது. ஜெரோம் அண்ணன் அழுதார். எனக்கும் நிற்கவில்லை. ஆபேலை நான் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன்.

திரும்பும்போது அவள் ஒரு அலையைப் பிடித்தாள். முட்டி போட்டாள். எழுந்திருப்பாள் என்று மூச்சைப் பிடித்தேன். எழுந்திருக்கவில்லை, மறுபடி படுத்துக்கொண்டு, பலகையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி மணல்வரைக்கும் வந்து முட்டி நின்றாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஜெரோம் அண்ணன் கேட்டிருக்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"எழுந்திருன்னு சொல்ல ஆளு இல்ல," என்றாள் அவரிடம். அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, "யோவ், மழை வுட்டதும் எனக்கு ஒண்ணு செய்யி. எனக்கு. இதே மாதிரி நீட்டா, தடியா. பாத்து செய்யி."

"செய்றேன்."

"அந்த வெள்ளப் பலகைய எவன் கேட்டாலும் குடுக்காத. அந்தப் பொண்ணும் நல்ல பொண்ணுதான். நம்ம வூட்லயே கெடக்கட்டும்."

அன்று கரையிலேயே பேரம் பேசி, ஒரு முழு வஞ்சிரம் வாங்கிக்கொண்டுதான் வண்டியேறினாள்.

மழை விட்டது. தூள் பறந்தது, நான் ரவிக்கைகளையெல்லாம் பீரோவுக்குள் வைத்துக்கொண்டேன். கட்டில் மாதிரி ஒரு பலகை, கொட்டகையின் நீளத்துக்கு. ரெசின் ஊற்றுகிற அன்றைக்கு என்னையும் கீழே கூப்பிட்டார்கள். ஜெரோம் அண்ணன் பென்சிலை எடுத்து நடுச்சட்டத்தில் ரோஸி என்று எழுதினார். கோவளம் என்று எழுதினார். அப்புறம் பென்சில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார்.

"குடு," என்று ரோஸி அக்கா பென்சிலை வாங்கினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, குனிந்து, தன் எடையைத் தானே எழுதினாள். அவருடைய எழுத்தைவிடப் பெரிதாக, அழுத்தி. கண்ணாடிக்குள் அது அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோவளத்துக்குப் போனால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நான் சொல்ல மாட்டேன். எங்கள் தொழிலில் அந்தப் பழக்கம் கிடையாது.